லோன் பைனிலிருந்து அப்பா எழுதுவது

லோன் பைன், கலிபோர்னியா
செவ்வாய் இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான், அம்மா, அக்கா, மாப்பிள்ளை, கவின் எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இந்த வரியை எத்தனையோ கடிதத்தில் பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். இன்று அப்படி எழுதவில்லை.

வண்டிக்கு வெளியே ஒரு மர மேஜை போட்டிருக்கிறார்கள். அதில் டார்ச் விளக்கை நிறுத்திவைத்து எழுதுகிறேன். அம்மா உள்ளே தூங்கிவிட்டாள். இதைத் தபாலில் போடப் போவதில்லை. காலையில் கவினைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லி உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. தபால் இந்த நாட்டில் ஒழுங்காகத்தான் போகிறது, ஆனால் ஜூலையில் அக்கா உனக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டதே. பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் வைத்து அம்மா தன் கையால் கட்டியது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை நான்தான் படித்தேன். அக்கா வீட்டு எண்ணைத் தப்பாக எழுதியிருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். எள்ளுருண்டையைக் கவின் தின்று தீர்த்தான். பொடியை அம்மா இன்னும் யாரையும் தொடவிடவில்லை.

சரி, பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். நேற்றுக் காலை லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி 395-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக வந்தோம். 210 மைல் இருக்கும். காற்று வண்டியைத் தள்ளியதால் மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 25 அடி நீள ஆர்.வி. வண்டி, வாடகைக்கு எடுத்தது. ஒரு பக்கம் முழுக்கப் பாலைவனம், இன்னொரு பக்கம் சியரா நெவாடா மலை சுவர் எழுப்பியதுபோல நிற்கிறது. ஊருக்கு முன்னால் ஓவன்ஸ் ஏரி என்று வெளுத்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் ஓடிய ஏரியாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913-இல் கால்வாய் வெட்டி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனதும் வற்றிவிட்டது. நம் ஊரில் சிறுவாணித் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தண்ணீர் புறப்படும் இடத்து ஜனங்களை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

லோன் பைன் சின்ன ஊர். 2,000 பேர் இருந்தால் அதிகம். ஒரே நீளத் தெரு, அதில் ஓட்டல்களும் மலை ஏறுகிறவர்களுக்கான கடைகளும். நாங்கள் தங்கியிருப்பது தெற்கே வண்டிகள் நிறுத்தும் இடத்தில். வெள்ளிக்கிழமை முதல் இங்கே இடமே கிடையாதாம். வருஷா வருஷம் அக்டோபரில் கௌபாய் படங்களுக்கு விழா எடுக்கிறார்கள், 1990-லிருந்து நடக்கிறது. தூரதூரத்திலிருந்து வயதானவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வருகிறார்கள்.

இந்த ஆர்.வி. விஷயம் எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நிறுத்தியதும் மாப்பிள்ளை மூன்று இணைப்புக் கொடுத்தார். மின்சாரத்துக்குத் தடித்த கேபிள், குடிதண்ணீருக்கு வெள்ளைக் குழாய், கழிவுக்கு நெளிநெளியாக ஒரு குழாய். கழிவறைத் தொட்டி தனி, குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்குத் தொட்டி தனி. கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாதாம். நீர் மட்டும் ஓடிப்போய் மற்றது அடியில் இறுகிவிடுமாம். ஓரளவு நிறையும்வரை மூடிவைத்து, முதலில் அதைத் திறந்துவிட்டு, பிறகு குளித்த தண்ணீரை விட்டால் அது குழாயை அலசிக்கொண்டு போகும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரொப்பேன் கேஸ். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அதற்கான அலாரத்தைக் கணுக்கால் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு அலாரம் கார்பன் மோனாக்சைடுக்கு. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். மூடின வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயக் கூடாது. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலை விரல் அளவாவது திறந்துவைக்க வேண்டும். அந்த இரண்டு அலாரத்துக்கும் ஆயுள் உண்டாம், பின்புறத்தில் தேதி போட்டிருக்கும். மாப்பிள்ளையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். வாடகை வண்டிதானே, இவ்வளவு எதற்கு என்று அக்கா கேட்டாள்.

இன்னொன்று. நேற்று வழியில் ஓரிடத்தில் நிறுத்தியபோது அம்மா கை கழுவக் குழாயைத் திறந்தாள். டுர்ர்ர் என்று ஒரு சத்தம். மூடியதும் நின்றுவிட்டது. என்ன அது என்று கேட்டேன். வெளித் தண்ணீர் இணைப்பு இல்லாதபோது வண்டித் தொட்டியிலிருந்து தண்ணீரைத் தள்ளுகிற பம்பு அது, இணைப்பு உள்ள இடத்தில் அது வேண்டியதில்லை என்றார் மாப்பிள்ளை. ஆகஸ்டில் நீ பேசிக்கொண்டிருந்தபோது அதே சத்தம் கேட்டது. இரண்டு தடவை. என்னப்பா சத்தம் என்றதற்குப் பக்கத்து வீட்டு மிக்சி என்றாய். சரி, மிக்சியாகவே இருக்கட்டும். நேற்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நித்யா போன பிறகு நீ எங்களைக் குறைத்துக்கொண்டாய். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து நான்கு மாதமாகிறது, ஒரே நாட்டில் இருந்துகொண்டு நீ ஒரு தடவை வரவில்லை. முதலில் புராஜெக்ட் என்றாய். பிறகு ஆபீஸில் ஆள் குறைத்துவிட்டார்கள், இருக்கிறவர்களுக்கு வேலை இரட்டிப்பு என்றாய். அப்புறம் அதைப் பற்றியே பேசவில்லை. வீடியோவில் வா என்றால் கேமரா கெட்டுப்போயிற்று என்கிறாய். அம்மா உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? தாத்தாவின் திதியன்றாவது அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவாய் என்று போனைச் சாமி மாடத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

நம் தெருவில் யாரைக் கேட்டாலும் உன்னைத்தான் சொல்வார்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பினாய். அது இன்னும் ஓடுகிறது. அக்கா கல்யாணக் கடனில் பாதியை நீ அடைத்தாய். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. உன்னைப் போல ஒரு பிள்ளை என்று நான் சொல்லாத இடமில்லை. ஒருவேளை அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

பக்கத்து இடத்தில் ஒருவர் இருக்கிறார். 60 வயது இருக்கும். கட்டட வேலை பார்த்தவர். 2009-இல் வீடு கைவிட்டுப் போனதாம், அன்றிலிருந்து வண்டிதான் வீடு. அவருடைய நாய் கவினோடு ஒட்டிக்கொண்டதால் பேச்சு வந்தது. என் இங்கிலீஷைப் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொன்னார். கடிதம் எப்படி வாங்குவீர்கள் என்று கேட்டேன். தெற்கு டகோட்டா மாநிலத்தில் இப்படி வண்டியில் வாழ்கிறவர்களுக்கு முகவரி கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றனவாம். வருகிற கடிதத்தை அவர்கள் வாங்கி, நாம் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்களாம். லைசென்ஸுக்கும் அதே முகவரிதான். குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போய்விடுவாராம். அங்கே அரசாங்கப் பாலைவன நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டித் தங்கலாம், ஆயிரக்கணக்கான வண்டிகள் வரும், குளிர் தாங்கும்படி இருக்கும் என்றார். மற்ற அரசு நிலங்களில் பெரும்பாலும் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க விடமாட்டார்கள். இங்கே பாறைகளுக்கு நடுவிலும் முன்பு எங்கு வேண்டுமானாலும் தங்கலாமாம், இப்போது குறித்த இடங்களில் மட்டும், அனுமதிச் சீட்டோடு. சில முகாம்களில் காவலுக்கும் துப்புரவுக்கும் ஆள் வைத்துக்கொண்டு, கூலிக்குப் பதிலாக மின்சாரம், தண்ணீரோடு இடத்தை இலவசமாகக் கொடுக்கிறார்களாம்.

இதையெல்லாம் நான் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவும்.

அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

இன்று காலை அலபாமா ஹில்ஸுக்குப் போனோம். பெயரைக் கேட்டு ஏமாறாதே, அலபாமாவுக்கும் இதற்கும் 2,000 மைல் இருக்கும். உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த தெற்கத்தி ஆட்கள், தங்கள் பக்கத்துப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை வைத்துவிட்டார்கள். ஊருக்கு மேற்கே ஐந்து நிமிடத்தில் பாறைகள் தொடங்கிவிடுகின்றன. யானை படுத்ததுபோல, மாவு உருண்டை பிடித்துப் போட்டதுபோல. அதற்குள் ஒரு மண் பாதை, பெயரே மூவி ரோடு. 1920-இல் முதல் படம் எடுத்தார்களாம். அன்றிலிருந்து 400-க்கு மேல். அந்தக் காலத்துக் கௌபாய் நடிகர்கள் பலரும் இந்தப் பாறைக்கு நடுவில்தான் குதிரை ஓட்டியிருக்கிறார்கள். படக் கம்பெனி ஆட்கள் தங்குவதற்கென்றே 1923-இல் கட்டிய ஓட்டல் இன்றைக்கும் தெருவில் நடக்கிறது.

இந்தியாவும் இங்கே வந்திருக்கிறது, தெரியுமா? 1939-இல் வந்த 'கங்கா தின்' படத்துக்கு இந்தப் பாறைகள்தான் இந்தியாவின் வடமேற்கு எல்லை. கோயில் செட்டெல்லாம் போட்டு, பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் நம் நாட்டுக்காரனாக ஒரு அமெரிக்க நடிகரையே நடிக்கவைத்திருக்கிறார்கள். 2008-இல் 'அயர்ன் மேன்' படத்துக்கு இதே இடம் ஆப்கானிஸ்தானாம். கவின் அதைக் கேட்டதும் பாறை பாறையாக ஏறிக் குதித்தான். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாறையின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் தெரியும் மலையில் நடுவில் பெரிதாக, கூராக ஒன்று நிற்கிறது. அதுதான் விட்னி சிகரம் என்று நினைத்து நான் நிறையப் படம் எடுத்தேன். அது இல்லையாம். அது லோன் பைன் பீக், பக்கத்தில் இருப்பதால் உயரமாகத் தெரிகிறது. விட்னி வலப்பக்கம் உள்ளே தள்ளி, பின்வரிசையில் நிற்கிறது. 14,505 அடி. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டால் இந்த நாட்டிலேயே அதுதான் உயரம். வருகிறவர்களில் பாதிப் பேர் முன்னால் நிற்பதைத்தான் விட்னி என்று காட்டிவிட்டுப் போகிறார்களாம்.

மதியம் திரைப்பட அருங்காட்சியகம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன் போலிருக்கிறது. பிரதான தெருவிலேயே இருக்கிறது. சேணங்கள், துப்பாக்கிகள், பூ வேலை செய்த சட்டைகள், பழைய போஸ்டர்கள். ஹம்ப்ரி போகார்ட் 1941-இல் வந்த படத்தில் ஓட்டிய பிளைமவுத் காரை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் ஒரு சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். கறுப்பு வெள்ளை. உருண்டைப் பாறைகள், நடுவில் மண் பாதை, பின்னால் ரம்பப் பல் போன்ற மலை, பாதையில் ஒரு வெள்ளைக்குதிரை. காலையில் நேரில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளையில் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

வெள்ளைக்குதிரைக்காரன் கதை ஞாபகமிருக்கிறதா, கண்ணு? கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் சொல்வேனே. பாறைக்கு நடுவில் வருவான், சாயங்காலம் ஊர் வந்து சேருவான், தான் தண்ணீர் குடிக்கும்முன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவான். அக்கா பாதியில் தூங்கிவிடுவாள். நீ தூங்கமாட்டாய். அவன் வீடு எங்கேப்பா என்று கேட்டாய் ஒரு நாள். எனக்குப் பதில் தெரியவில்லை. குதிரைதான்டா அவன் வீடு என்று சொன்னேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படப் பைத்தியம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா இந்த ஊரில் நிறுத்தியதே எனக்காகத்தான். அதற்கு நான் தகுதியானவன் இல்லை.

1989-இல், உனக்கு 8 வயது, மில்லில் பஞ்சுக் கையிருப்புக் கணக்கில் 40 பேல் குறைந்தது. கிடங்குப் புத்தகம் என் கையில் இருந்தது. என்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள். ஏழு மாதம். நான் எடுக்கவில்லை. விசாரணையில் அது தெரிந்து, கடைசியில் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஏழு மாதமும் நான் வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டேகாலுக்கு அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதிச் சம்பளம் வந்தது. மீதியைப் பொள்ளாச்சி மாமாவிடம் வாங்கினேன், அவருடைய அக்காவான உன் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான்கு வருஷம் ஆயிற்று. மாமா நம் வீட்டு வாசல் மிதிக்காமல் போனதற்கு நிலத் தகராறுதான் காரணம் என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தேன். நிலமும் இல்லை, தகராறும் இல்லை. வந்தால் அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும் என்று அவர் வராமல் இருந்தார்.

பகலை எப்படிக் கழிப்பது? நூலகம் திறக்கும்வரை ரயில் நிலையத்தில் உட்காருவேன். வெயில் ஏறினால் தியேட்டர். காலைக் காட்சியில் பழைய இங்கிலீஷ் படங்கள் போடுவார்கள். முன் பெஞ்சு டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரம் யாரும் என்னை ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். பேசுவது பாதி புரியாது. பாறையும் குதிரையும் புரியும். படத்தின் பெயர்கூட நினைவில்லை. பார்த்ததை ராத்திரி உனக்குக் கதையாகச் சொன்னேன். மதியச் சாப்பாடு வ.உ.சி. பூங்காவில்.

இப்போது எழுதப்போவதை 35 வருஷமாக எழுத நினைத்து விட்டிருக்கிறேன்.

ஒரு நாள் உங்கள் பள்ளியில் அந்தப் பூங்காவின் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். வரிசையில் வந்த நீ என்னைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டாய். நன்றாகக் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாய், அப்பாவைப் பூங்காவில் பார்த்தேன் என்று. நான் மில்லில் இருந்தேன், வேறு யாரையோ பார்த்திருக்கிறான் என்றேன். இல்லை, அப்பாதான், நீலக் கட்டம் போட்ட சட்டை என்றாய். நான் உன்னை அறைந்தேன். பொய் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது அப்பா இல்லை என்று உன் வாயால் சொல்லவைத்த பிறகுதான் சாப்பிட விட்டேன். மூன்று தடவை சொல்லவைத்தேன்.

செந்தில், அது நான்தான். நீ பார்த்தது சரி. நீலக் கட்டம் போட்ட சட்டைதான்.

உனக்கு அது நினைவிருக்கிறதா, மறந்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ பள்ளியில் நடந்ததை வீட்டில் வந்து சொல்வது குறைந்தது என்று அம்மா சொல்வாள். பையன் பெரியவனாகிறான் என்று நான் சொல்லிவிடுவேன். காரணம் எனக்குத் தெரியும். வேலை போனதை வீட்டில் சொல்வதைவிட 8 வயதுப் பிள்ளையைப் பொய்யனாக்குவது எனக்கு அன்று சுலபமாக இருந்தது. உன் கண்ணே பார்த்ததை இல்லை என்று சொல்லப் பழக்கியவன் நான். இப்போது நீ எங்களிடம் எதைச் சொல்கிறாய், எதைச் சொல்லாமல் விடுகிறாய் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால்தான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. நான்காவது மாதத்திலிருந்து டிபன் பாக்ஸில் ஒரு வாழைப்பழம் கூடுதலாக இருந்தது. மில் வேலை நாளில் அப்படி வைத்ததில்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் நாங்கள் மன்ஸனார் போய் வந்தோம். இரண்டாம் உலகப் போரில் 10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம், இங்கிருந்து பத்து மைல் இருக்கும். 20 அடிக்கு 25 அடி அறையில் எட்டுப் பேர்வரை. பெண்களின் கழிவறையில் நடுவே தடுப்புகூட வைக்கவில்லை. அம்மா அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது வண்டியில் மெதுவாக, "நம்ம செந்திலுக்கு இருக்கிற இடம் வசதியா இருக்குமாங்க?" என்று கேட்டாள். எந்த இடம் என்று அவளும் சொல்லவில்லை. இருக்கும் என்றேன்.

நவம்பர் 30-ஆம் தேதி எங்களுக்கு விமானம். அதற்குள் உன்னால் வர முடிந்தால் வா. அக்கா வீட்டு வாசலில் 25 அடி வண்டிகூட நிறுத்தலாம், நான் அளந்து பார்த்தேன். வர முடியாவிட்டால் நான் வருகிறேன். பஸ் பிடித்து வரத் தெரியும், எந்த ஊரில் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். மாடியில் அறை கட்ட வைத்திருந்த 6 லட்சம் வங்கியில் சும்மா கிடக்கிறது. இரண்டு பேருக்குக் கீழ்வீடு போதும். ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடு. தெருவில் யாருக்கு என்ன சொல்வது என்று நீ கவலைப்படாதே. நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையை உடனே தேடு, தேடாதே என்று நான் சொல்லமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. அந்தப் பெரியவர் ஒரே பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் போட்டு வேகவைக்கிறார், கேஸும் தண்ணீரும் மிச்சம். கூடியவரை மின்சாரமும் தண்ணீரும் இணைப்புள்ள இடமாகப் பார். மாத வாடகையாகப் பேசினால் தினக் கணக்கைவிடக் குறைவு. தனியாக இருட்டில் கிடக்கும் இடம் வேண்டாம். குளிர் கூடும்முன் தெற்கே வந்துவிடு. அடுப்பைக் குளிருக்காக எரிக்காதே.

காலையில் பதினொரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அடுத்து பிஷப், பிறகு மோனோ ஏரி. காற்று எழும்புகிறது, காகிதம் பறக்கிறது. பக்கத்துப் பெரியவரும் விளக்கை அணைத்துவிட்டார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எழுத வேண்டாம். அங்கே ராத்திரி எத்தனை டிகிரி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அன்புடன்
அப்பா

பி.கு. தூங்கும்முன் கேஸ் வால்வை மூடு. அலாரத்தின் பின்புறத் தேதியைப் பார். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை.